வேலையிடத்தில் பிரிவுகளை எது இணைக்கும்? த்ரீ கிங்ஸ் மலையடியில் இருந்து சில குறிப்புகள்

மாதத்தில் ஒரு தடவையாவது எம்மவரில் யாரோ ஒருவருக்கு அந்த மின்னஞ்சல் வந்துவிடும். 'வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் டீம் பில்டிங். எல்லாப் பிரிவினரும் கலந்துகொள்ள வேண்டும். நடப்பதற்கு வசதியான சப்பாத்து அணிந்து வரவும்.' ஓரிடத்தில் பந்து உருட்டும் விளையாட்டு, இன்னோரிடத்தில் பூட்டிய அறைக்குள் புதிர் விடுவித்தல், வேறோரிடத்தில் பூங்காவில் பார்பிகியூ. வடிவம் மாறும், கிழமை மாறாது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று வளர்ந்த எம்மில் பலர், அடுப்பில் சொசேஜ் பொரியும் மணத்துக்கு நடுவே ஒரு துண்டுப் பாணும் தக்காளிச் சோசுமாக நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு வருவோம்.

சென்ற கோடையில் எமக்கு வந்த அழைப்பு த்ரீ கிங்ஸ் மலைக்கு. நாம் வேலை செய்வது ஒக்லாந்தில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில். எம்மில் பலரின் வீடுகள் த்ரீ கிங்ஸ், மவுண்ட் ரொஸ்கில், சாண்ட்ரிங்கம் பக்கம்தான். ஆகவே மலை எமக்குப் புதிதல்ல. பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறி இறங்கும் மலை அது.

அந்த மலையின் பெயருக்கு ஒரு கதை உண்டு. சுமார் 28,500 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை இது. பின்னாளில் வந்த ஐரோப்பியரின் கண்ணில் முதலில் பட்டவை உயர்ந்து நின்ற மூன்று சிகரங்கள். பைபிளில் வரும் மூன்று ராசாக்களை நினைத்து அவர்கள் பெயர் வைத்தார்கள். இன்று எஞ்சி நிற்பது 133 மீற்றர் உயரமுள்ள பிக் கிங் ஒன்றுதான். மற்றவை கல்லுடைத்து எடுக்கப்பட்டு ஒக்லாந்தின் வீதிகளாகவும் கட்டடங்களாகவும் போய்விட்டன. மாவோரிப் பெயர் டெ டாட்டுவா-அ-ரியுகியுட்டா, அதாவது ரியுகியுட்டாவின் இடுப்புப்பட்டி. தைனுயி வள்ளத்தில் வந்த ரியுகியுட்டா என்ற ஞானி, வெவ்வேறு கூட்டமாக இங்கே குடியேறியிருந்தவர்களைப் பட்டியால் சேர்த்துக் கட்டியதுபோல் ஒன்றாக்கினார் என்பது மரபு. எமது முகாமையாளர் உச்சியில் நின்று இந்தக் கதையைத்தான் சொன்னார். நல்ல பேச்சு. கைதட்டினோம்.

ஆனால் கைதட்டிய கூட்டத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பராமரிப்பாளர்களான நாம் ஒரு பக்கம். தாதியர் ஒரு பக்கம். அலுவலகத்தார் குளிர்பெட்டியைச் சுற்றி. சமையலறையில் இருந்து வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் முதியவர்களின் இரவுச் சாப்பாட்டுக்காக இல்லத்தில் நின்றுவிட்டார்கள். இரவு வேலை செய்பவர்கள் வீட்டில் உறக்கம். துப்புரவுப் பணியாளர்கள் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் அவர்களுக்கு அழைப்பே இல்லை. மலையில் ஏறியபோது யார் யாருடன் கதைத்தோமோ, இறங்கும்போதும் அவர்களுடனேயே கதைத்தோம்.

அடுத்த மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டிக்கு விழுங்குவதில் சிரமம் கூடியிருந்தது. இங்கே முதியோரின் உணவு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள், 7 என்பது வழமையான உணவு. அவருக்கு 7 இல் இருந்து 5 ஆகக் குறைக்க வேண்டும் என்று பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் காலையில் சொல்லிவிட்டார். 5 என்றால் நன்றாக நறுக்கி ஈரப்பதமாக்கிய உணவு. தாதி அதைக் கணினியில் பதிந்தார். சமையலறை வேலை செய்வதோ சுவரில் உள்ள வெள்ளைப் பலகையைப் பார்த்து. பலகை விடியற்காலையில் ஒரு தடவைதான் திருத்தப்படும். மாலையில் தட்டு வந்தது. அதில் டோஸ்ட் பாண்.

தட்டைக் கொண்டு போனவர் எம்மில் ஒருவர். காலையில் மாற்றம் நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர். பாணைக் கண்டதும் மனதில் ஓர் உறுத்தல். 'சமையலறைக்குத் தெரியாமலா அனுப்புவார்கள்' என்று நினைத்துவிட்டார். மூதாட்டிக்குப் புரையேறி மூச்சடைத்தது. தாதி ஓடிவந்து முதுகில் தட்டி வெளியே எடுத்தார். இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார் அந்த அம்மா. வராமலும் போயிருக்கலாம்.

அன்று சமையலறையில் நின்றவரும் தமிழர்தான். கோயிலில் கண்டால் மணிக்கணக்காகக் கதைப்பவர். தட்டுக் கொண்டு போன பெண் அடுத்த நாள் அவரிடம் சொன்னார்: "நான் பாணைக் கண்டனான் அண்ணை. கேட்கத்தான் யோசிச்சனான், பிறகு விட்டிட்டன்." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா தட்டைத் திருப்பி எடுத்திருப்பனே தங்கச்சி" என்றார். ஒரே மொழி, ஒரே கோயில். ஆனால் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரிவு, அந்தப் பக்கம் ஒரு பிரிவு. மலையுச்சியில் கேட்ட இடுப்புப்பட்டி அந்தக் கதவு வரை வந்து சேரவில்லை.

சேர்ந்து மலையேறியும் சேர்ந்து சாப்பிட்டும் ஏன் இப்படி ஆகிறது? இதற்குப் பழைய ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், பதினொரு பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரைக் கோடை முகாம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று இரண்டு அணிகளாகப் பிரித்தார். போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே பகை மூண்டது. பின்னர் பகையைத் தணிப்பதற்காக இரு அணிகளையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். சாப்பாட்டு மேசையில் உணவை எறிந்து சண்டை பிடித்தார்கள். கடைசியில் பயன் தந்தவை வேறு. முகாமுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டது. எல்லோரும் தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை. உணவு கொண்டுவர வேண்டிய லொறி 'பழுதாகி' நின்றது. இரு அணியும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தால்தான் நகரும். இழுத்தார்கள். தேர் வடம் பிடித்த ஊர்க்காரருக்கு இதை ஒக்லஹோமா போய்த்தான் அறிய வேண்டும் என்றில்லை, ஆனாலும் எழுதி வைத்தவர் அவர். இந்த ஆய்வில் பெரியவர்கள் சிறுவர்களைத் தூண்டிவிட்டார்கள் என்ற கண்டனம் பின்னாளில் எழுந்தது, அது நியாயமானதே. இருந்தாலும், தனித்தனியே முடியாத ஒரு வேலை முன்னால் இருந்தால்தான் இரண்டு கூட்டம் ஒன்றாகும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அதே 1954 இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற இன்னோர் உளவியலாளர், வேறுபட்ட குழுக்களுக்கு இடையிலான பழக்கம் எப்போது நல்லதாக முடியும் என்று எழுதினார். அந்தச் சந்திப்பில் இரு தரப்புக்கும் சம மதிப்பு இருக்க வேண்டும். இலக்கு பொதுவாக இருக்க வேண்டும். போட்டி இல்லாமல் ஒத்துழைப்பு இருக்க வேண்டும். மேலே உள்ளவர்களின் ஆதரவு வெளிப்படையாக இருக்க வேண்டும். எமது மலையேற்றத்தை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தோம். கடைசி ஒன்று மட்டும் தேறியது.

தூர தேசத்து ஆய்வுகளை விடுவோம். இந்த விடயத்தில் உலகம் திரும்பிப் பார்க்கும் வேலை ஒக்லாந்திலேயே நடந்திருக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு துறை, மயக்க மருந்து நிபுணர் வேறு துறை, தாதியர் வேறு, மயக்க மருந்துத் தொழில்நுட்பவியலாளர் வேறு. ஒவ்வொருவருக்கும் மேலதிகாரி வேறு, பயிற்சி வேறு, அன்றைய பட்டியல் வேறு. நடுவில் படுத்திருக்கும் உயிர் மட்டும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை முதலில் பரீட்சித்துப் பார்த்த எட்டு நகரங்களில் ஒக்லாந்தும் ஒன்று, புது டில்லியும் ஒன்று. எட்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின்னரான மரணம் 1.5 வீதத்தில் இருந்து 0.8 வீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 வீதத்தில் இருந்து 7 வீதமாகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. பட்டியலில் மருந்து, இரத்தம், கருவிகள் என்று தெரிந்த விடயங்கள் பல உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் வைத்ததல்ல. ஒரு தடவை வாய் திறந்தவர், பிறகு பிழை ஒன்றைக் கண்டாலும் வாய் திறப்பார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இதே பட்டியல் 101 வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்த பின் மரணமோ சிக்கலோ குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014 இல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் என்ன என்று நிபுணர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எமக்குத் தோன்றுவது இது: அடையாளம் இட்டுக் கையெழுத்து வைப்பதற்கும், நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. பராமரிப்பு இல்லத்தில் படிவம் நிரப்பும் எவருக்கும் இது தெரியும்.

அதனால்தான் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து நிபுணர் ஜெனிஃபர் வெல்லர் தலைமையிலான குழு செய்தது முக்கியமாகப் படுகிறது. அவர்கள் முழுச் சத்திரசிகிச்சைக் குழுவையும் ஒன்றாக அழைத்து, பொம்மை நோயாளி ஒன்றின் மீது நெருக்கடியான ஒரு சிகிச்சையை நடித்துப் பார்க்க வைத்தார்கள். நிபுணரும் தாதியும் தொழில்நுட்பவியலாளரும் தத்தம் உண்மையான வேலையையே செய்வார்கள். அந்த ஆய்வுகளில் ஒரு நுட்பம் இருந்தது. நோயாளியைப் பற்றிய வெவ்வேறு தகவல் துணுக்குகளை ஒவ்வொரு தரப்பினரிடமும் தனித்தனியே முன்கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் சேர்ந்தால்தான் முழுப் படம். பிறகு எந்தத் துணுக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பார்கள். பல துணுக்குகள் அவற்றை வைத்திருந்தவர்களின் பிரிவைத் தாண்டவே இல்லை. முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக இருந்து நடந்ததை அலசுவார்கள். இந்தப் பயிற்சி பின்னர் 'நெட்வொர்க் இசட்' என்ற பெயரில், விபத்து இழப்பீட்டுக் கூட்டுத்தாபனமான ஏசிசியின் நிதியுடன், 2017 முதல் நாட்டின் அரச வைத்தியசாலைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

எம் கதையையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாதியிடம் ஒரு துணுக்கு, சமையலறையிடம் ஒன்று, பராமரிப்பாளரிடம் அரைத் துணுக்கு. குழுவாகக் கூடும்போது மனிதர் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கதைப்பார்கள், தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவார்கள் என்று ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985 இலேயே காட்டியிருக்கிறார்கள். எமது மாதாந்தக் கூட்டங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் எமது இல்லத்தில் சில மாற்றங்கள் வந்தன. பெரிய செலவு இல்லை. பிற்பகல் வேலை மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடச் சந்திப்பு. சமையலறையில் இருந்து ஒருவர் கட்டாயம் வருவார், துப்புரவுப் பணியாளரும் வருவார். ஒவ்வொருவரும் தன் பிரிவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது விதி. முதல் கிழமை எல்லோரும் 'ஒன்றும் இல்லை' என்றோம். இரண்டாம் கிழமை துப்புரவு செய்யும் சமோவாப் பெண்மணி, குறித்த ஒரு முதியவரின் குப்பைத் தொட்டியில் மூன்று நாளாக மாத்திரைகள் கிடக்கின்றன என்றார். அதன் பிறகு எவரும் 'ஒன்றும் இல்லை' என்று லேசில் சொல்வதில்லை.

இன்னொன்று, ஆள் மாறி நிற்பது. பராமரிப்பாளர் ஒருவர் ஒரு காலை சமையலறையில் தட்டு அடுக்குவார். சமையல்காரர் ஒரு மதியம் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து முதியவர்களுக்கு ஊட்டிப் பார்ப்பார். 5 ஆம் படி உணவைத் தன் கையால் ஊட்டிய அண்ணை, "இதுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடவேணும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். எந்தச் சுற்றறிக்கையும் இதைச் செய்திருக்காது.

விளையாட்டே வேண்டாம் என்பது எமது வாதமல்ல. நல்ல விளையாட்டுகள் உண்டு. பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டொம் வூஜெக் 2010 இல் ஓர் உரையால் பரப்பிய மார்ஷ்மெலோப் போட்டி அவற்றில் ஒன்று. 20 ஸ்பெகெட்டிக் குச்சி, ஒரு யார் ஒட்டுநாடா, ஒரு யார் நூல், ஒரு மார்ஷ்மெலோ, 18 நிமிடம். உச்சியில் மார்ஷ்மெலோ நிற்கும்படி ஆக உயரமான கோபுரம் கட்ட வேண்டும். வணிகக் கல்லூரிப் பட்டதாரிகளை விடப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்று வூஜெக் சொன்னார். பெரிய நிறுவனத் தலைவர்கள் தனியே கட்டுவதை விட, அவர்களுடன் அலுவலக உதவியாளர் ஒருவர் சேர்ந்தபோது கோபுரம் உயர்ந்ததாம். ஆட்களை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கத் தெரிந்தவர் யார் என்பது இதில் வெளிப்பட்டுவிடுகிறது. இதை விளையாடுவதென்றால் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பிரிவில் இருந்து ஒருவரை இருத்துங்கள். 'சமையலறை அணி எதிர் தாதியர் அணி' என்று வைத்தால் ஷெரீஃபின் முகாமின் முதல் பாதியைத்தான் நடத்துகிறீர்கள்.

நியூசிலாந்துக்கே உரிய வழக்கங்களிலும் பயன் உண்டு. 'ஒரு தட்டுக் கொண்டு வாருங்கள்' என்ற அழைப்பைக் கேட்டு வெறும் தட்டுடன் போய் நின்ற கதை எம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். கூட்டத் தொடக்கத்தில் மாவோரி முறைப்படி 'என் மலை இது, என் ஆறு இது' என்று தம்மை அறிமுகம் செய்யும் வழக்கம் இப்போது பல வேலையிடங்களில் பரவியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் இதில் திண்டாடிப் போவோம். மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. எம்மில் ஒருவர் கீரிமலையையும் வழுக்கியாற்றையும் சொல்லி ஒப்பேற்றினார். கீரிமலையில் மலை எங்கே என்று அவரே பிறகு விளக்கவும் வேண்டியதாயிற்று. ஆனால் அந்த விளக்கம்தான் பிலிப்பைன்ஸ் தாதி ஒருவரை அவருடன் கதைக்க வைத்தது. 'ஊரிலை எவடம்?' என்று முதல் வசனத்திலேயே கேட்கும் நமக்கு இந்த வழக்கத்தின் பயன் புரியாமல் இருக்காது.

எம்மவருக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் முன் வாய் திறக்காமல் இருப்பது நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று எங்களை வளர்த்தார்கள். நிபுணர் முன், தாதி முன், 'அவருக்குத் தெரியாததா' என்று நிற்பது அங்கிருந்து வருகிறது. பெயரை வெட்டிச் சுருக்கி அழைத்தாலும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்காதவர், தட்டில் உள்ள பாணைப் பற்றியும் கேட்க மாட்டார். அதற்காகக் குற்றம் முழுவதையும் எங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. கேள்வி கேட்டவரை ஒரு தடவை முறைத்துப் பார்த்தால் போதும், அந்த மாடி முழுவதும் வாய் மூடிவிடும். முறைக்காமல் இருக்க வேண்டியது மேலே உள்ளவர்.

சொந்தமாகக் கடையோ நிறுவனமோ நடத்தும் எம்மவரும், சங்கம் நடத்துபவர்களும் கூட இதில் விலக்கல்ல. த்ரீ கிங்ஸ் ஃபிக்லிங் மண்டபத்தில் ஏதாவது கலை நிகழ்வுக்குப் போயிருந்தால் கண்டிருப்பீர்கள். மேடைக் குழுவுக்கு நடனம் ஒரு மணி நேரம் பிந்துவது தெரியும், சமையல் குழுவுக்குத் தெரியாது. ஆறு மணிக்கே சோறு வந்து ஆறிப்போய் நிற்கும். ஒலிபெருக்கிக்காரருக்கு இரண்டும் தெரியும், அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த வருடத்து அழைப்பு போன கிழமை வந்தது. மறுபடியும் த்ரீ கிங்ஸ் மலைதான். ஆனால் இம்முறை இரண்டு நாளாகப் பிரித்திருக்கிறார்கள், சமையலறையும் இரவு வேலையாட்களும் வரக்கூடியதாக. துப்புரவுப் பணியாளர்களின் பெயர்களும் பட்டியலில் உள்ளன. கிழமை புதன். சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டு எழுதியிருந்தார்கள், அண்ணை தான் கட்லட் பொரித்துக்கொண்டு வருவதாகப் பதில் போட்டுவிட்டார்.